கூட்டைக் காப்பதும் கொல்லாமையே

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே நோக்கினால் நீலநிறமாய்த் தோன்றுவது பழனி மலைத்தொடர். அதன் உச்சியிலுள்ள சோலைகளையும், அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சோலை என்பது குளிர்ந்த மலைப்பள்ளங்களில் செறிந்து வளரும் பசுமைமாறாக் காடு. அங்கு வாழும் பழனிச் சிரிப்பான், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள சில உயர்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத பறவை. மலைப் புல்வெளிகளையே நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலியோ தரையில், புல்லிடையே கூடு கட்டுவது.

இத்தகைய பறவைகளின் இருப்பிடத்தைச் சுருக்கியது வேடரின் வலையன்று. மனிதர் நட்ட மரங்களே. கடந்த நூற்றாண்டில் தோல் பதனிட உதவும் பட்டைக்காக வாட்டிலும், மரக்கூழுக்காக யூகலிப்டசும் புல்வெளிகளில் நடப்பட்டன. வாட்டில் பின்னர்த் தானாகவே பரவிற்று. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரைச் சார்ந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் உயிரையும் கொல்லாத கை, அவ்வுயிரின் வீட்டை அழித்துவிடக்கூடும்.

2013ஆம் ஆண்டில் இம்மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டுவது தீர்வாகாது. பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் மீண்டும் முளைத்துள்ளன. அவற்றைக் காத்து, எஞ்சிய புல்வெளிகளில் பரவும் வாட்டில் கன்றுகளைக் களைவதே நிதானமான வழி.

பழனி மலைச்சாரலின் ஓடைகளே திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றன. மலையின் நலம் நம் நலமே. ஆகவே தோற்பொருள்களை விலக்குவோமாக. மரம் நடுமுன் அந்நிலத்திற்குரியது எதுவென்று கேட்போமாக. சோலையுள் ஓசையின்றி நடக்க நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாக.