தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்துவிட்டு, உப்பளத் தொழிலாளர்களுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ மானுடவியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ‘தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வியல்: ஓர் ஆய்வு’ என்று தலைப்பும் வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் மழைக்காலத்தில் முன்பணம் வாங்கிய அளத்தை விட்டு, கூடுதல் கூலி தரும் அளத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். இதையெல்லாம் எழுத வேண்டும். தமிழ் படித்தவளை எடுப்பார்களா? வீட்டில் காசு கிடையாது. கன்சல்டன்சி ஒன்றில் முதலில் ஐம்பதாயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கட்டாதீர்கள். அவர்கள் எழுதித் தரும் நோக்க அறிக்கை ஊருக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே அது தெரிந்துவிடும்.

தமிழ் படித்ததற்காகக் கூச வேண்டாம். அமெரிக்கத் துறைகள் பலவற்றில் மானுடவியல் பட்டம் முன்நிபந்தனை இல்லை. தமிழ்நாட்டில் களப்பணி செய்ய வரும் அமெரிக்க மாணவர்கள் மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் வகுப்பில் மாதக்கணக்கில் உட்கார்ந்து தமிழ் கற்கிறார்கள். உங்களுக்கு உப்பளத்துப் பேச்சே தெரியும்.

சிக்கல் உங்கள் தலைப்பில்தான். ‘வாழ்வியல்: ஓர் ஆய்வு’ நம் பல்கலைக்கழகங்களில் செல்லுபடியாகும், அங்கே எடுபடாது. எங்கே போய்ப் பார்க்கப் போகிறீர்கள் என்று அது சொல்கிறது, எது உங்களைக் குடைகிறது என்று சொல்லவில்லை. ஆனால் உங்களைக் குடைவது கடிதத்திலேயே இருக்கிறது. கூடுதல் கூலி கிடைக்கும் என்றாலும் அந்தப் பெண்கள் ஏன் போவதில்லை? முதலாளியிடம் பயமா, கங்காணி சொந்தக்காரரா, அடுத்த மழைக்கும் பணம் வேண்டுமே என்ற கணக்கா, ஆபத்தில் கொடுத்தவரை விட்டுப் போவது சரியில்லை என்ற எண்ணமா? தொழிலாளர் சட்டம் இதைக் கொத்தடிமை என்று சொல்லக்கூடும். அந்தப் பெண்ணே என்ன சொல்கிறார்? கொடுப்பதும் வாங்குவதும் திருப்பித் தருவதும் மனிதர்களை எப்படிப் பிணைக்கின்றன என்று 1925இல் மார்செல் மாஸ் எழுதியதிலிருந்து, 2011இல் டேவிட் கிரேபர் கடன் பற்றி எழுதிய தடித்த புத்தகம் வரை, மானுடவியல் விடாமல் பேசும் விஷயம் இது. உங்கள் உப்பளம் அவர்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று இரண்டு பத்தி எழுதுங்கள். குழு மேலே படிக்கும்.

அடுத்து, அதைப் படிக்கப்போவது யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் குழுதான் எடுக்கிறது என்றாலும், உங்கள் கேள்வியில் ஆர்வமுள்ள ஒரு பேராசிரியராவது துறையில் இல்லாவிட்டால் இடம் கிடைப்பது கடினம். ஆனந்த் பாண்டியன், பிரான்சிஸ் கோடி, டேவிட் மோஸ் போன்றோர் தமிழ்நாட்டுக் களத்திலிருந்து நூல்கள் எழுதியவர்கள், படியுங்கள். அதற்காகத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களையே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் கடனையும் கூலியையும் பற்றி ஆராய்பவர் உங்களுக்கு இன்னும் நல்ல நெறியாளராக அமையலாம். அப்படிப்பட்டவருக்கு எழுதப் பத்து வரி மின்னஞ்சல் போதும், பயோடேட்டா வேண்டாம். பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பெரிய துறைகளில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் மாதச் செலவுக்கான தொகையும் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பதிலுக்கு வகுப்புகளில் உதவ வேண்டியிருக்கும். நிதி இல்லாத இடம் வந்தால் ஏற்காதீர்கள். பிரிட்டனில் இடம் வேறு, பணம் வேறு. ஃபெலிக்ஸ், காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகளுக்குத் தனியாக முட்டி மோத வேண்டும். ஆய்வுத் திட்டமும் நெறியாளரின் சம்மதமும் முதலிலேயே கேட்பார்கள். மானுடவியலிலோ அதையொட்டிய துறையிலோ எம்.ஏ. இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் நிலைமைக்கு அமெரிக்காதான் தோது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை யாராவது சொல்லியிருப்பார்கள். 2022இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளை விலக்கிவிட்டது. (இந்தியாவை ஆராய வெளிநாடு எதற்கு என்று கேட்டார்கள் போலும்.) விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் படிக்காமல் அதை நம்பி இருக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று தேவைப்படும். துணைவேந்தர் கையெழுத்துக்கு அலையாதீர்கள். உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியர்கள் இருவரும், உங்களைக் களத்தில் பார்த்த நிறுவன இயக்குநரும் எழுதட்டும். எழுத்து மாதிரியும் கேட்பார்கள், எம்.ஃபில். ஆய்வேட்டில் ஒரு இயலை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, ஆங்கிலத் தேர்வு மட்டும் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் நூறு டாலரை ஒட்டி இருக்கிறது. விலக்கு தருவார்களா என்று கேளுங்கள். கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கட்டுமுன் அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்றும் பாருங்கள். கொரோனா ஆண்டில் பல துறைகள் புதிய மாணவர்களையே எடுக்கவில்லை.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் தெரியும். ஏப்ரல் 15க்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். இந்த டிசம்பரை நீங்கள் விட்டுவிடுவது நல்லது. வேலையிலேயே இருங்கள். அக்டோபரில் மழை தொடங்கி அளம் நின்றதும் யார் யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்குகிறார்கள், என்ன சொல்லி வாங்குகிறார்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் போடாமல் நோட்டில் எழுதி வாருங்கள். அதை வைத்து அடுத்த டிசம்பருக்கு ஆறு அல்லது எட்டுத் துறைகளுக்கு விண்ணப்பியுங்கள்.