‘சரிங்க’ என்றால் புரிந்தது என்று அர்த்தமில்லை

மில்லில் புதிதாக ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் இது.

1979-ல் டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்த கையோடு கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். 38 வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு ஸ்பின்னிங் மாஸ்டராக வெளியே வந்தேன். கவுண்ட், ட்விஸ்ட், டிராஃப்ட் கணக்கெல்லாம் உங்களுக்குப் பாடமாக வந்திருக்கும். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டி. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்டை ஓட்ட எப்படிப் பேச வேண்டும் என்பதற்குப் பாடம் இருந்திருக்காது. எனக்கும் இல்லை. அடிபட்டுத்தான் கற்றேன்.

1. எண்களைப் பிரித்துச் சொல்லுங்கள்.

நான் சேர்ந்து எட்டு மாதம். ஆஃப் நைட் ஷிப்ட். 14-ஆவது ரிங் ஃபிரேமை 40-ஆம் நம்பர் நூலிலிருந்து 34-க்கு மாற்றச் சொல்லி ஆர்டர். டிபார்ட்மெண்டின் நட்டநடுவில் நின்றுகொண்டு, இருபது அடி தள்ளி நின்ற ஃபிட்டரைப் பார்த்து, “பதினாலுல வீல் மாத்திருங்க” என்று கத்தினேன். அவர் தலையாட்டி, “சரிங்க” என்றார். அவருக்குக் கேட்டது ‘பதினாறு’.

ஒரு ஃபிரேமில் ஆயிரத்துச் சொச்சம் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் சுற்று சுற்றுகிற இடத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்து மெஷின்கள் அவ்வளவு வேகமில்லை என்றாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. இன்றைக்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் 90 டெசிபலை ஒட்டியே இருக்கும். அந்த இரைச்சலில் ‘பதினா’ வரைக்கும்தான் காதுக்கு வரும். மிச்சத்தை அவரவர் மனசு போட்டுக்கொள்ளும்.

அவர் 16-இல் வீலை மாற்றிவிட்டார். டாஃபர்களுக்கு நான் சீட்டில் சரியாக எழுதிக் கொடுத்திருந்ததால், 34-க்கு உரிய சிவப்பு பாபினை 14-இல் போட்டுவிட்டார்கள். ஆக, 40-ஆம் நம்பர் நூல் சிவப்பு பாபினில் ஏறியது. 34-ஆம் நம்பர் நூல் 16-இல் இருந்த மஞ்சள் பாபினில் ஏறியது. கவுண்ட் மாற்றினால் உடனே லீ எடுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். லேபில் அந்த நேரம் ஆள் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலை பத்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஒரு டாஃப் கோன் வைண்டிங்குக்குப் போய், சில மூட்டை லாரியும் ஏறிவிட்டது. மூன்று வாரம் கழித்துத் திருப்பூர் பார்ட்டி ஒரு பனியன் துணியைக் கொண்டுவந்து மேனேஜர் மேஜையில் விரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரி வரியாகப் பட்டை. அந்தத் துணியை இன்னும் மறக்கவில்லை. ஃபிட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. அது தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் டிபார்ட்மெண்டில் ‘பதினாலு’ என்ற சொல்லே கிடையாது. ‘ஒண்ணு, நாலு’தான். கூடவே விரலைக் காட்ட வேண்டும். விமானிகளும் ரேடியோவில் எண்களை இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள் என்பது ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

2. ‘சரிங்க’ என்பது மரியாதை. அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் மேலே இருப்பவர் ஏதாவது சொன்னால் வாய் தானாக ‘சரிங்க’ என்றுவிடும். ‘நீங்க பேசினது காதுல விழுந்தது, நான் எதுத்துப் பேசல’ என்பதுதான் அதற்குப் பொருள். ‘புரிஞ்சுதா?’ என்று திருப்பிக் கேட்டாலும் பலனில்லை. புரியவில்லை என்று சொல்ல நாற்பத்தைந்து வயது ஆளுக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் முன்னால் வாய் வருமா?

எங்கள் வீதியில் இருக்கும், ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னது இது. வண்டி வருகிறது, கேட்டை மூடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னால், கேட்கீப்பர் ‘ஆச்சுங்க சார்’ என்று சொல்லி வைத்துவிட முடியாது. மூடிய பிறகு, தன்னிடம் அச்சடித்துக் கொடுத்திருக்கும் தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். அதை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்ட பிறகுதான் கேட் மூடியதாகக் கணக்கு. பக்கத்து ஸ்டேஷனோடு லைன் கிளியர் வாங்கும்போதும் இதே எண் வழக்கம்தான். ஒரு வெறும் ‘சரி’யை நம்பி ரயிலை விடக்கூடாது என்று எவரோ யோசித்து வைத்த ஏற்பாடு.

மில்லில் எண் தாள் வேண்டாம். சொன்ன வேலையை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். அதையும் பரீட்சை மாதிரிக் கேட்காதீர்கள். “நான் அவசரத்துல என்ன சொன்னேனோ தெரியலை, எந்த ஃபிரேம் சொன்னேன்?” என்று பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு கேளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாற்றிக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

3. உங்கள் கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அங்கெல்லாம் ஏசி அறை. ரிங் ஃபிரேமில் ஒருத்தியைத் திட்டினால், திட்டு அவளுக்கு மட்டும்தான் கேட்கும்; திட்டுவது எல்லோருக்கும் தெரியும். பத்து ஃபிரேமுக்கு அப்பால் நிற்கும் சைடருக்கு உங்கள் ஆட்காட்டி விரல் ஆடுவது தெரிகிறது, அவள் தலை குனிவது தெரிகிறது. என்ன சொன்னீர்கள் என்பதை அவர்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். நீங்கள் பீசிங் சரியில்லை என்று சொல்லியிருப்பீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் அது வேறு கதையாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் குறை சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்க்கும் திசையில் நீங்களும் பார்த்து, மெஷினைக் காட்டிப் பேசுங்கள். எதிரே நின்று விரலை நீட்டாதீர்கள். பாராட்டுவது நேர்மாறு. அதைத் தூரத்தில் நின்றே கையைத் தூக்கிச் செய்யலாம். காசா பணமா?

பழைய சைடர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். மேனேஜரிடம் அவர்களைப் பற்றி முணுமுணுக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள்.

4. வயதில் மூத்தவர்களை ‘நீங்க’ என்று கூப்பிடுங்கள்.

விளக்கமே வேண்டாம். குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுகிற கொங்கு நாட்டில், ஷிப்ட் ஷூ போட்டதும் சிலருக்கு அந்த ‘ங்க’ மட்டும் கழன்று விழுந்துவிடுகிறது.

5. ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

லீவு கேட்டு வருவார்கள். மாரியம்மன் நோம்பி, மச்சினன் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல். ஆள் பற்றாக்குறை, இல்லை என்று சொல்ல மனசு வராமல் ‘பார்க்கலாம்’ என்பீர்கள். உங்கள் அகராதியில் அது ‘முடியாது’. கேட்டவர் அகராதியில் ‘உண்டு’. அவர் ஊருக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நிற்கும்போது ஆரம்பிக்கும் சண்டை. ‘முடியாது’ என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். கோபப்பட்டு வேறு ஆளைப் பிடித்து ஷிப்ட் மாற்றிக்கொள்ள அவருக்கு நேரமாவது கிடைக்கும். உங்களுக்கே தெரியாதென்றால் ‘நாளைக்கு டீ டயத்துக்குள்ள சொல்றேன்’ என்று நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். பதில் ‘இல்லை’யாக இருந்தாலும் போங்கள்.

6. சின்னவர் சந்தேகப்பட்டால் கையை நிறுத்துங்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் டெனரிஃப் விமான நிலையம், கடும் மூடுபனி. கேஎல்எம் ஜம்போ விமானம் ஒன்று ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. பான் ஆம் ஜம்போ ஒன்று அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம் விமானிக்குக் கண்ட்ரோல் டவர் கொடுத்த பதிலில் முதலில் வந்தது ‘ஓகே’. நில்லுங்கள், கூப்பிடுகிறேன் என்று அடுத்து வந்தது, அதே நொடியில் பான் ஆமும் ரேடியோவில் பேசியதால் கீச்சென்ற சத்தத்தில் மூழ்கிப்போனது. கேஎல்எம் விமானம் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. அப்போது உள்ளே இருந்த ஃப்ளைட் எஞ்சினியர், பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று சந்தேகம் கேட்டார். தலைமை விமானி அந்தக் கம்பெனியில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய ஆள். விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். எஞ்சினியர் மறுபடி கேட்கவில்லை. 583 பேர் போனார்கள்.

அதற்கப்புறம் டவரும் விமானியும் பேசும் முறையையே மாற்றினார்கள். கிளம்பவோ, கொடுத்த அனுமதியை ரத்து செய்யவோ தவிர வேறெதற்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உச்சரிப்பதில்லை.

என்னை உறுத்துவது அந்த எஞ்சினியர்தான். ஒரு தடவை கேட்டார். நம் டிபார்ட்மெண்டிலும் ஒரு தடவைதான் கேட்பார்கள், அதுவும் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு: “ஏனுங் சார், இது அந்த மிக்சிங்தானுங்களா?” அந்தத் தயக்கம் காதில் விழுந்ததும் கை நிற்க வேண்டும். பத்துக்கு ஒன்பது முறை அவர் சந்தேகம் வீணாகத்தான் போகும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேட்டது நல்லதாப் போச்சு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை ‘உனக்கு என்ன தெரியும்’ என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் ஷிப்டில் அதற்கப்புறம் சந்தேகமே வராது. ரொம்ப நிம்மதியாக இருக்கும், பட்டை விழுந்த துணி வருகிற வரைக்கும்.

7. துபாஷியை நம்பி ஷிப்ட் ஓட்டாதீர்கள்.

இப்போது பாதி ஆட்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் இந்தி தாய்மொழி என்று நினைத்துக்கொள்கிறோம். ஒடியாக்காரருக்கு அதுவும் நம்மைப் போலக் கற்றுக்கொண்ட பாஷைதான். அவர்களில் தமிழ் பழகிய பையன் ஒருவன் இருப்பான். எல்லாவற்றையும் அவன் வழியாகவே சொல்வீர்கள். நாலு மாதத்தில் உண்மையான சூப்பர்வைசர் அவன்தான். நீங்கள் தன்மையாகச் சொன்னது அவன் வாயில் அதட்டலாகப் போகும். அவர்கள் சொல்லும் குறைகளில் அவனைப் பற்றியது மட்டும் உங்களிடம் வந்து சேராது.

பத்து, பதினைந்து வார்த்தை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்து, ஓட்டு, கையை எடு, அடிபட்டதா, சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா. தப்பாக உச்சரித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மற்றதைச் செய்து காட்டுங்கள். நூல் அறுந்த இடத்தில் நீங்களே ஒரு பீஸ் போட்டுக் காட்டினால் மொழி தேவையில்லை. போடத் தெரியாதென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்தி அப்புறம்.

8. மேலே சொல்லும்போது கெட்டதை முதலில் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் போய், “சார், நேத்து ராத்திரி கரண்ட் கொஞ்சம்… அப்புறம் அந்த ஃபிட்டர் வேற…” என்று சுற்றி வளைக்காதீர்கள். “மூணு ஃபிரேம் நிக்குது சார். ரெண்டு, பன்னெண்டு மணிக்குள்ள ஓடிரும். மூணாவதுக்கு பெல்ட் வேணும், ஸ்டோர்ல இல்லை.” அவ்வளவுதான். என்ன நடந்தது, என்ன செய்தோம், உங்களிடமிருந்து என்ன வேண்டும். யார் தப்பு என்பதை அவர் கேட்டால் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது என்றால் கேட்கும் முன்னாலேயே சொல்லுங்கள். நான் முதல் எண்ணில் எழுதியதை மறுபடி படியுங்கள்.

9. ஷிப்ட் மாற்றத்தை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல.

நீல டிக் வந்தால் மெசேஜைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவே. கட்டைவிரல் படம் போட்டவர் படித்தாரா என்பது அந்தக் கட்டைவிரலுக்குத்தான் வெளிச்சம். அந்த இரைச்சலில் குரல் பதிவு அனுப்புகிறவரை நான் மன்னிக்கவே மாட்டேன். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அடுத்த ஷிப்ட் ஆளோடு டிபார்ட்மெண்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தகராறு செய்யும் ஃபிரேம் முன்னால் நின்று, தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு லாக் புக்கில் எழுதுங்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதும் பழக்கம் வேண்டாம். 38 வருஷத்தில் எல்லாம் நார்மலாக இருந்த ஒரு ஷிப்டை நான் பார்த்ததில்லை.

10. வாரத்துக்கு ஒரு நாளாவது ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்காருங்கள்.

வேலையைப் பற்றி நீங்களாக ஒரு கேள்வி கேட்கக்கூடாது, நோட்டை எடுக்கக்கூடாது. மழை, பிள்ளைகள் படிப்பு, வெங்காய விலை என்று போகும். மூன்றாவது வாரம், இல்லையென்றால் நாலாவது வாரம், எவராவது கிளாஸைக் கழுவ எழுந்தபடி, “அந்த ஒண்ணு ஆறாவது ஃபிரேம்ல ஒரு மாதிரி நாத்தம் வருதுங் சார்” என்பார். டீக்கு அன்றைக்கு நீங்கள் காசு கொடுத்துவிட்டு, உள்ளே போய் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள்.