மண் ஏற்கும் மரம்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஊராட்சிகளிலிருந்து மரக்கன்றுகள் கேட்டு விண்ணப்பங்கள் வருகின்றன. மரம் நடவேண்டும் என்னும் ஆர்வம் கிராமங்களில் வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எந்த இடத்தில் எந்த மரம் என்னும் கேள்வியை நாம் போதிய அளவு எழுப்புவதில்லை. இக்கேள்வியைக் கேளாமையால் நாமே ஒரு முறை பாடம் கற்றோம். அதனை மறைக்காது கூறுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒன்றியத்தில், ஓர் ஏரியின் நீர்பிடிப்புப் பகுதியில் முந்நூறு தேக்கங்கன்றுகளை நட்டோம். தேக்கு விலை உயர்ந்த மரம். ஊராட்சிக்குப் பிற்காலத்தில் வருவாய் கிடைக்கும் என எண்ணினோம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிற்று. இரண்டு மாதங்கள் கன்றுகளின் அடியில் நீர் நின்றது. நீர் வடிந்தபின் சென்று பார்த்தபோது ஒரு கன்றேனும் உயிருடன் இல்லை. அருகிலேயே, யாரும் நடாமல் தாமாக முளைத்த நாட்டுக் கருவேல மரங்கள் பச்சைப்பசேலென நின்றன. உடன் வந்த முதிய உறுப்பினர் ஒருவர், “ஐயா, ஏரிக்குள் எது நிற்கும் என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

தேக்கு ஏன் மாண்டது? கருவேலம் ஏன் பிழைத்தது? வேர்களும் சுவாசிக்கின்றன. மண்துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றே அவற்றிற்கு உயிர். நீர் தேங்கினால் அக்காற்று வெளியேறிவிடுகிறது. வடிகாலுள்ள மண்ணில் வழிவழியாக வளர்ந்த தேக்கினால் அதனைத் தாங்க இயலாது. நாட்டுக் கருவேலமோ ஆற்றோரங்களிலும் ஏரிகளிலும் பருவந்தோறும் வெள்ளத்தைக் கண்டு பழகிய இனம்.

‘பழகிய’ என்னும் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தனி மரம் தன் விருப்பத்தால் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. ஓர் இனத்தில் பிறக்கும் கன்றுகள் யாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றுள் அவ்விடத்துக்குப் பொருந்தியவை மிகுதியாகப் பிழைத்து விதை ஈனுகின்றன, பொருந்தாதவை மடிகின்றன. எண்ணற்ற தலைமுறைகள் இவ்வாறு கழிந்தபின், அந்த இனமே அந்த இடத்துக்கு உரியதாகிவிடுகிறது. இதனையே அறிவியலார் தகவமைப்பு என்கின்றனர்.

காற்றில்லாச் சேற்றில் வாழ்வதற்கு இதனினும் வியத்தகு வழி ஒன்றைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் காணலாம். அங்கே வெண்கண்டல் மரம் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுதுகோல் போன்ற வேர்களை நீட்டி, அவற்றின் வழியே காற்றைப் பெறுகிறது. உப்பு நீரை உறிஞ்சி, மிகுந்த உப்பைத் தன் இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னையோ முட்டுக்கொடுத்தாற்போன்ற வேர்களால் நிற்கிறது. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகிய பின்னரே சேற்றில் விழுகிறது. பயிர் விளையாத அவ்வுவர்ச் சேறு இம்மரங்களுக்கு இல்லமாயிற்று.

நீர் மிகுந்த இடத்துக்குக் கண்டல் என்றால், நீர் குறைந்த இடத்துக்குப் பனை. பனங்கிழங்கு உண்ணாத கிராமத்தார் இலர். ஆனால் அக்கிழங்கு ஏன் மண்ணுக்குள் உண்டாகிறது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பனங்கொட்டையின் முளை முதலில் ஆகாயத்தை நோக்குவதில்லை. நேரே கீழிறங்கிக் குருத்தை மண்ணுள் ஆழமாக வைக்கிறது. மேலே வெயில் காய்ந்தாலும், ஆடு இலையைக் கடித்தாலும், உயிர்நிலை மண்ணுக்குள் காக்கப்படுகிறது. இராமநாதபுரத்து வறண்ட நிலத்திலும் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செந்தேரி மணலிலும் பனை ஓங்கி நிற்பதன் மருமம் இதுவே.

தகவமைப்பு இல்லம் தருவது போலவே எல்லையும் வகுக்கிறது. நீலகிரியின் உச்சிப் பகுதியில் மடிப்புகளில் சோலைக் காடும், சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. குளிர்காலத்து உறைபனி திறந்த வெளியில் சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. புல்லோ தரையை ஒட்டிய குருத்திலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. அப்புல்லை மேய்ந்து, ஆபத்து நேர்கையில் செங்குத்தான பாறைகளில் ஏறித் தப்பும் வரையாடு நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த சீகை மரம் இப்புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டது. புல் போனால் வரையாடு சமவெளிக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்ளும் என எண்ணலாகாது. அதன் உடலமைப்பு மலைக்கென அமைந்தது.

வேற்றிடத்துச் செடி எதுவும் இங்கு வாழாது என்பதும் அன்று. தன் தகவமைப்புக்கு ஏற்ற நிலம் கிடைத்து, தன்னை அடக்கும் பகையும் இல்லையெனில் அது கட்டின்றிப் பரவும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய சீமைக் கருவேலம் 1877-ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்கு வந்தது. வறட்சியையும் உவரையும் தாங்கும். வேர் ஆழமாகச் செல்லும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். அதன் இனிப்பான காய்களைத் தின்னும் ஆடுமாடுகள் சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. கண்மாய்களும் மேய்ச்சல் நிலங்களும் அதன் வசமாயின. அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென நம் மாநில அரசு 2022-இல் ஒரு கொள்கையை வகுத்தது. எனினும் அம்மரத்தைக் கரியாக்கிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல உள்ளன என்பதையும் மறத்தலாகாது. வேரோடு அகற்றுதல், அவ்விடத்தில் உடனே நாட்டு மரம் நடுதல், அக்குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்புக் காணுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

கால்நடைக்கும் இது பொருந்தும். சேறு நிறைந்த காவிரிக் கழனிகளில் உழைப்பதற்கென்றே நம் முன்னோர் உம்பளச்சேரி மாட்டைத் தேர்ந்து வளர்த்தனர். இயற்கை செய்யும் தேர்வினை இங்கே உழவரே செய்தனர்.

ஆகவே கன்றுகளுக்கு விண்ணப்பிக்கும் முன், ஊராட்சி உறுப்பினர்கள் அந்த இடத்திற்கே சென்று நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டுகிறோம். ஆண்டில் எத்தனை மாதம் அங்கு நீர் நிற்கிறது? மண்ணில் உவர் உண்டா? கோடையில் கன்றுக்கு நீர் ஊற்றுவார் யார்? யாரும் நடாமல் அங்கே தாமாக வளர்ந்து நிற்கும் நாட்டு மரங்கள் யாவை? இவற்றுள் நான்காவது கேள்வியே தலையாயது. அங்கு நிற்கும் மரம், பல தலைமுறைகளாக அந்நிலம் எழுதி வைத்த விடை.

இவ்விடைகளைக் கிராமசபையில் மூத்த உழவர் முன்னிலையில் வைத்து முடிவு செய்தல் நலம். ஏரிப் பகுதிக்குக் கருவேலத்தை மண்மேடு அமைத்து நடலாம். ஆற்றோரத்திற்கு நீர்மருது ஏற்றது. வறண்ட கரைகளுக்குப் பனங்கொட்டை போதும்.

அந்த ஏரியில் மறு ஆண்டு நாம் மண்மேடுகளில் நாட்டுக் கருவேலத்தையே நட்டோம். இடத்தைத் தேர்ந்து காட்டியவர் அந்த முதியவர். அடுத்த மழையில் நீர் வந்தது, வடிந்தது, கன்றுகள் நின்றன.