அகன்ற சாலையும் வளைந்த சாலையும்
(அமெரிக்க ‘மஸில்’ கார், ஐரோப்பிய ‘ஸ்போர்ட்ஸ்’ கார்: ஓர் ஒப்பீடு)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

விரைவின்மேல் மனிதனுக்கு உள்ள ஆசை மிகப் பழமையானது. நம் ஊர்ப் பக்கத்திலே பார வண்டி இழுக்கும் மாடு வேறு, ரேக்ளா பந்தயத்தில் ஓடும் மாடு வேறு. இரண்டும் மாடுதான், ஆயினும் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்க முடியாது. மோட்டார் வாகன உலகிலும் இத்தகைய இரு இனங்கள் உண்டு. அமெரிக்காவின் ‘மஸில் கார்’ ஒன்று. ஐரோப்பாவின் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ மற்றொன்று.

தாம்பரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மின்சார ரயிலில் எங்கள் நண்பர் குழாம் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. எட்டு சிலிண்டர் முழங்கும் மஸ்டாங்கே சிறந்தது என்பார் ஒருவர். போர்ஷேவுக்கு ஈடில்லை என்பார் இன்னொருவர். கைபேசியில் படம் பார்த்துத் தீர்ப்புக் கூறுவதைவிட, நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைத் துணைக்கு அழைத்து ஆராய்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இந்த ஆராய்ச்சிக்குரிய சான்றுகளில் மிக நல்லவை அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ அல்ல, நாம் நாள்தோறும் கடக்கும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே கிடைக்கின்றன என்பதுதான் வியப்பு.

அமெரிக்க மரபு

அமெரிக்கா பரந்த நாடு. நீண்ட, நேரான சாலைகள்; மலிவான பெட்ரோல். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் விரைந்து வளர்ந்தன. அங்கே இளைஞர்களின் பந்தயம் பெரும்பாலும் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், நேர்கோட்டில் யார் முந்துவது என்பதே.

1964-இல் பான்டியாக் நிறுவனம் ‘ஜி.டி.ஓ.’ என்ற காரை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள ஒரு சாதாரணக் காரினுள் பெரிய காருக்குரிய 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். இதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பொறியாளர் ஜான் டிலோரியன். மஸில் கார் என்ற இனத்தின் இலக்கணம் இதுவே: எளிய உடல், பெரிய இதயம். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகம் செய்தது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆலைத் தொழிலாளியின் மகனும் தவணையில் வாங்கக்கூடிய விரைவு வண்டி அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஐரோப்பிய மரபு

ஐரோப்பாவின் கதை வேறு. குறுகிய ஊர்ச் சாலைகள், ஆல்ப்ஸ் மலையின் கொண்டையூசி வளைவுகள், விலை மிகுந்த பெட்ரோல். இவற்றோடு வரியும் சேர்ந்துகொண்டது. இத்தாலியில் 2 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு வரி மிக அதிகமாக இருந்தது. அதற்கு அஞ்சி, ஃபெராரி நிறுவனமே 1975-இல் 2 லிட்டர் எஞ்சின் கொண்ட ஒரு காரை உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தது. ஜி.எஸ்.டி. என்றால் நமக்குச் சாலையும் நினைவுக்கு வரும், வரியும் நினைவுக்கு வரும். நம் நாட்டிலும் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள காருக்கு வரி குறைவு. நம் தெருக்களில் வால் வெட்டியதுபோன்ற கார்கள் மலிந்திருப்பதன் காரணம் இதுதான். சட்டமும் ஒரு பொறியாளரே எனலாம்!

இத்தகைய சூழலில் ஐரோப்பியர் எஞ்சினைப் பெருக்க வழியின்றி எடையைக் குறைத்தனர். எஞ்சினை வேகமாகச் சுழல விட்டனர். வளைவில் நிலைகுலையாத அச்சு அமைப்பையும் நல்ல பிரேக்கையும் தேடினர். 1963-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட போர்ஷே 911-இன் முதல் எஞ்சின் வெறும் 1991 கன சென்டிமீட்டர். தந்த ஆற்றலோ 130 குதிரைத்திறன். இந்த 1991 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இயற்பியல் கூறுவது

முதலில் திருப்பு விசை. எஞ்சினின் திறன் என்பது அதன் திருப்பு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிவரும் தொகை. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் தரும் பெரிய எஞ்சினும், 8,000 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய எஞ்சினும் தருவது ஒரே திறன்தான். ஏறத்தாழ 225 குதிரைத்திறன். முன்னது அமெரிக்க வழி. குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும், எஞ்சின் எளிமையானது, எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்க்கலாம். பின்னது ஐரோப்பிய வழி. எடை குறையும், ஆனால் ஓட்டுபவர் கியரை அடிக்கடி மாற்றி எஞ்சினை உச்சத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால், ஒரு கார் சறுக்காமல் போகக்கூடிய பெரும வேகம் மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அப்படியானால் கனமான காரும் இலேசான காரும் ஒன்றுதானே என்று கேட்கலாம். பாடநூல் கணக்கு அங்கே நின்றுவிடுகிறது, டயர் நிற்பதில்லை. ரப்பர் டயரின்மேல் சுமை ஏற ஏற அதன் உராய்வுக் கெழு சற்றுக் குறைகிறது. வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வதால் அவை இன்னும் திணறுகின்றன. எனவே வளைவில் இலேசான, தாழ்ந்த காரே வெல்கிறது.

பிரேக்கிலும் இதே நிலைதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 கிலோ எடையுள்ள காரின் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோ ஜூல். 1,700 கிலோ காருக்கு 656 கிலோ ஜூல். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இவ்வாற்றலை வெப்பமாக மாற்றிக் கழிக்க வேண்டியது பிரேக்கின் கடமை. பல்லாவரத்தில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டும் என் தந்தையார் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இக்கணக்கை அவரிடம் காட்டியபோது, “பெரிய எஞ்சின் வெச்சிட்டா ஆச்சாப்பா? ஆக்சில் தாங்கணும், பிரேக் பிடிக்கணும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஜி.எஸ்.டி. சாலை தரும் சான்று

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் மூன்றாவது காரை இந்தியாவுக்குத் தந்த இடம் அதுவே. 1961 முதல் அங்கே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ உருவாயிற்று. அது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை ஆங்கிலேயர் செய்தனர். வண்டலூர்க் காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் உடன்பிறப்பு என்றால் மிகையன்று.

இரண்டாவது சான்று இன்னும் சுவையானது. 1985-இல் இதே நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற சொகுசுக் காரைக் கொண்டுவந்தது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்றது. இங்கிலாந்தில் அக்காரினுள் இருந்த 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினோ பிறப்பால் அமெரிக்கன்! 1961-இல் பியூக் நிறுவனம் அலுமினியத்தில் வார்த்த அந்த எஞ்சினை அமெரிக்கர் கைவிட, அதன் உரிமையை ரோவர் 1965-இல் வாங்கிக்கொண்டது. ‘மார்கன் பிளஸ் 8’ போன்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களிலும் அதுவே துடித்தது. ஆகவே இரு மரபுகளும் எண்ணெயும் நீரும் அல்ல; பொருந்திய இடத்தில் பாலும் தேனுமாய்க் கலந்துள்ளன.

நம் வண்டலூரில் அந்த எஞ்சின் வரவில்லை. பழைய வான்கார்டு காரின் எஞ்சினே பொருத்தப்பட்டது. அதன் கொள்ளளவு 1991 கன சென்டிமீட்டர்! போர்ஷேயின் அதே எண். ஆனால் கிடைத்தது 83 குதிரைத்திறன் மட்டுமே. இதே வான்கார்டு வழிவந்த 1991 கன சென்டிமீட்டர் எஞ்சின், 1953-இல் டிரையம்ப் ‘டி.ஆர்.2’ என்ற இலேசான ஸ்போர்ட்ஸ் காரில் 90 குதிரைத்திறன் தந்து, மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டியது. ஒரு டன்னுக்கும் குறைந்த காரில் புலியாய்ப் பாய்ந்த எஞ்சின், கனத்த காரில் களைத்துப் போயிற்று. 1988-இல் அக்காரின் உற்பத்தி நின்றது. எஞ்சினின் கொள்ளளவு மட்டுமே காரின் பெருமையன்று. உடலும் உயிரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்றைய நிலை

அதே சாலையில் சற்றுத் தெற்கே போவோம். மறைமலைநகரில் அமெரிக்க ஃபோர்டு. அதையும் தாண்டி மகேந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-இல் தொடங்கிய ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. அண்டை வீட்டார் போலத்தான்.

ஃபோர்டு 2016-இல் மஸ்டாங்கை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. அது மறைமலைநகரில் செய்யப்பட்டதன்று, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. 5 லிட்டர், எட்டு சிலிண்டர். சுமார் 400 குதிரைத்திறன். 515 நியூட்டன் மீட்டர். விலை 65 லட்சம் ரூபாய். 2021-இல் பி.எம்.டபிள்யூ. இங்கேயே பூட்டி வெளியிட்ட எம்340ஐ என்னும் காரோ 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். விலை 62.9 லட்சம் ரூபாய். இது நான்கு கதவுள்ள கார். முழு ஸ்போர்ட்ஸ் கார் அன்று. எனினும் எஞ்சின் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

திறனும் விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் லிட்டர் ஒன்றுக்கு மஸ்டாங் தருவது ஏறத்தாழ 80 குதிரைத்திறன், மற்றது 129. காரணம் ‘டர்போ’. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் சிறு விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெரிய எஞ்சின் பெரிய வாயால் காற்றைக் குடிக்கிறது; சிறியதற்கு டர்போ ஊட்டிவிடுகிறது. மஸ்டாங் தன் முழு இழுவையைத் தருவது 4,250 சுற்றில். ஜெர்மன் கார் 1,900 சுற்றிலேயே தந்துவிடுகிறது. குறைந்த சுற்றில் இழுவை என்ற பழைய அமெரிக்கச் சிறப்பு இன்று ஐரோப்பாவுக்கு இடம் மாறிவிட்டது.

அமெரிக்கரும் சும்மா இருக்கவில்லை. 1966-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 7 லிட்டர் ஃபோர்டு கார்கள் ஃபெராரியை வீழ்த்தி முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. 2015 மாதிரியிலிருந்து மஸ்டாங் முழுவதற்கும் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அச்சு வந்துவிட்டது. வளைவைக் கற்றுக்கொண்டது எனலாம். மறுபுறம், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பழைய மஸில் கார்களை அடக்கியதுபோல, இன்று மின்சாரம் வந்திருக்கிறது. நின்ற நிலையிலேயே முழுத் திருப்பு விசையும் தரும் மின் மோட்டாருக்குமுன் கால் மைல் பந்தயத்தில் எட்டு சிலிண்டருக்கு முன்போல் பெருமையில்லை.

முடிவுரை

ஆக, எது சிறந்தது? நேர்ச்சாலைக்கும் குறைந்த விலைக்கும் அமெரிக்க வழி. வளைவுக்கும் சிக்கனத்துக்கும் ஐரோப்பிய வழி. ஒவ்வொரு கார் இனமும் தன் நாட்டுச் சாலை, எரிபொருள், வரி ஆகியவற்றின் பிள்ளையே. முழுத் தீர்ப்பு என்று ஒன்றில்லை.

ஆனால் நம்முன் வேறொரு கேள்வி நிற்கிறது. ஆங்கிலக் காரும், அமெரிக்கக் காரும், ஜெர்மன் காரும் நம் சாலையோரத்தில் பூட்டப்பட்டன. நம்மவர் கைகள் அவற்றுக்கு உதிரிபாகங்கள் கடைந்தன. எந்த எஞ்சின், எவ்வளவு எடை, எந்த அச்சு என்ற முடிவுகளோ பெரும்பாலும் கடல் கடந்த ஊர்களில் எடுக்கப்பட்டன. அங்கே முடிவு மாறினால் இங்கே ஆலை வாயில் மூடும். மறைமலைநகரில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. அங்கே 2029 முதல் எஞ்சின்கள் செய்யப்படும் என 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. இரண்டுமே நம் முடிவுகள் அல்ல.

குண்டும் குழியும், மழைநீரும், நெரிசலும் கொண்ட நம் சாலைக்கென்று, நம் வெயிலுக்கென்று, நம் பணப்பைக்கென்று ஒரு வண்டியை முதல் கோட்டிலிருந்து வரைய நமக்கு இயற்பியல் தெரியும். என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் இக்கல்லூரியில் பலர். பெற்றோர் அளவுகோல் பிடித்து, பிறர் தந்த வரைபடத்தின்படி இரும்பைக் கடைந்தார்கள். அந்த வரைபடத்தை வரையும் இடத்துக்குப் பிள்ளைகள் போய்ச் சேர வேண்டும். பட்டம் பெறுவதன் பொருள் அதுவே என நான் கருதுகிறேன்.