நீல பம்ப் கேட்காமல் போகிறதா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரித் தூசு, அனல்மின் நிலையத்தில் சாம்பல். இந்த ஊர் வீசிங்காரர்கள் பலருடைய சட்டைப்பையில் நீல பம்ப் ஒன்று கிடக்கும். அதில் இருப்பது சால்பியூட்டமால். "முன்னே ரெண்டு அடி போதும், இப்ப நாலு அடிச்சாலும் கேக்க மாட்டேங்குது" என்கிறவர்கள் உடனே கம்பெனியை மாற்றிப் பார்ப்பார்கள். அதில் பயனில்லை.

இந்த மருந்து வேலை செய்ய பீட்டா-2 என்ற ஏற்பியில் போய் ஒட்டவேண்டும். மூச்சுக்குழாய்த் தசையில் இருக்கும் இந்த ஏற்பி, வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலும் உண்டு. நுரையீரலில் சதை எடுத்துப் பார்ப்பது கஷ்டம், கையில் ரத்தம் எடுப்பது சுலபம். அதனால் 1970களின் இறுதியிலேயே, இவ்வகை மருந்தை எடுப்பவர்களின் வெள்ளையணுக்களில் ஆய்வாளர்கள் ஏற்பிகளை அளந்தார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தது. மருந்து ஓயாமல் தூண்டினால் அணு தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, சிலவற்றைச் சிதைத்தும் விடுகிறது. மருந்தை நிறுத்தினால் அவை திரும்ப வரும். ஸ்டீராய்டு கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும். மூச்சுக்குழாய்த் தசையில் இந்த இழப்பு ரத்த அணுவில் நடப்பதுபோல அத்தனை வேகமாக நடப்பதில்லை. அங்கே பெரிய வில்லன், நீல பம்ப் தொடாத உள்வீக்கம். அதைக் குறைப்பதும் ஸ்டீராய்டு பம்ப்தான்.

முதலில் கணக்குப் பாருங்கள். வாங்கிய தேதியைக் குப்பிமேல் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு குப்பியில் பொதுவாக 200 அடி. வருஷத்துக்கு 3 குப்பி தாண்டினாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. 12 என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது.

அடுத்து, அந்தக் குப்பிகளோடு டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு பம்ப் பற்றிக் கேளுங்கள். நீல பம்ப் மட்டும் போதாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் பம்பில் போகும் அளவு மிகச் சிறியது. அதற்காக நீல பம்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு அது வேண்டும்.

அடிக்கும் விதம்: குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி அடக்குங்கள். அடுத்த அடிக்கு அரை நிமிஷமாவது பொறுங்கள். பம்போடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டீராய்டு அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பொடி மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலர் கருவியின் கேப்சூலை விழுங்குகிறவர்களும் உண்டு, அது இழுப்பதற்கு.

சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 10 மீட்டர் ஆழத்தில் கம்ப்ரசர் காற்றை இழுத்துவிட்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். சுருங்கிய மூச்சுக்குழாயில் அது சிக்கினால் நுரையீரல் கிழியும். இளைப்பு இருக்கிற அன்று பம்ப் அடித்துவிட்டுக் கடலில் இறங்கவே இறங்காதீர்கள்.

அடித்தும் பேச்சு வராமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.