புல்தரையில் ஈசல் கிளம்பினால்…

பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடிமழை கொட்டி ஓய்ந்தால் திருவண்ணாமலைத் தோட்டங்களில் ஈசல் கிளம்பும். கிரிவலப் பாதையை ஒட்டிப் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இது பழகியதுதான். பூச்சிமருந்து வாங்க ஓடாதீர்கள். முதலில் இவற்றைக் கவனியுங்கள்.

1. ஒன்றைப் பிடித்து வெள்ளைத்தாளில் விட்டுப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கி, முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருந்தால் அது இறக்கை முளைத்த எறும்பு. இடுப்பு ஒடுங்காமல், கொம்பு நேராக, நான்கு சிறகும் ஒரே அளவில் இருந்தால் ஈசல்; அதாவது இணை தேடிப் புறப்பட்ட கறையான். தொட்டாலே சிறகு உதிரும்.

2. எறும்பு என்றால் விட்டுவிடுங்கள். இணை சேர்ந்தபின் ஆண் எறும்புகள் சீக்கிரமே செத்துவிடும்; ராணி சிறகை உதிர்த்து மண்ணுக்குள் போய்விடும். எறும்புகள் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், கறையானையும் வேட்டையாடும்.

3. ஈசல் என்றால் வீட்டு விளக்குகளை அணைத்து, ஜன்னலைச் சாத்துங்கள். வெள்ளை டியூப்லைட்டுக்குத்தான் அதிகம் மொய்க்கும். வாசலுக்கு மஞ்சள் பல்பு நல்லது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

4. தோட்டத்தில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கூட்டம் அங்கே போய் விழும். காலையில் கோழிக்குப் போடலாம்.

5. குழம்பு, பால், குடிநீர்க் குடம் எல்லாவற்றையும் மூடுங்கள்.

6. எங்கிருந்து வந்தன என்பதுதான் முக்கியம். புல்தரையிலிருந்து மட்டும் வந்தால் கவலையில்லை. நிலைக்கதவு, சுவர் இடுக்கிலிருந்து வந்தால் கறையான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் பென்சில் கனத்தில் மண்கோடு ஏறுகிறதா பாருங்கள். சட்டத்தைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வருகிறதா கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் உடனே கறையான் மருந்து அடிக்கத் தெரிந்தவர்களை அழையுங்கள். விறகையும் அட்டைப்பெட்டியையும் சுவரோரம் அடுக்காதீர்கள். கசியும் குழாயைச் சரிசெய்யுங்கள்.

7. தரையில் மண்ணெண்ணெயோ விஷப்பொடியோ போடவே கூடாது. புல் கருகும். ஈசல் தின்ன வரும் தேரை, மைனா, கரிச்சான் எல்லாம் சேர்ந்து சாகும்.

8. கார்த்திகை மாதத்தில் அகல் ஏற்றும் நேரத்தில் ஈசல் வந்தால், அடங்கும்வரை காத்திருந்து ஏற்றுங்கள். எண்ணெயில் விழுந்து திரி அணையாது.

9. உதிர்ந்த சிறகை அப்படியே பெருக்கினால் காற்றில் பறக்கும். தண்ணீர் தெளித்துப் பெருக்கி, எருக்குழியில் போடுங்கள்.

10. நம் வடமாவட்டங்களில் இருளர்கள் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, வறுத்துப் பொரியரிசி கலந்து சாப்பிடுவார்கள். சத்தான உணவு. மருந்து அடித்த இடத்து ஈசலை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலையும் தவிர்ப்பது நல்லது.