மலையடிவாரத்தின் இரு நகரங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் அமைந்த போல்டர் ஜில்லாவின் இரு பெரிய நகரங்கள் போல்டரும் லாங்மான்ட்டும் ஆகும்.

போல்டர்வாசிகள் 1959-ம் ஆண்டில் வாக்களித்து, 5,750 அடி உயரத்துக்கு மேல் நகரக் குடிநீர் வழங்குவதில்லை என முடிவு செய்தனர். 1967-ல் தமக்குத் தாமே விற்பனை வரி விதித்துச் சுற்றுநிலங்களை வாங்கலாயினர். குழாய்நீர் எட்டாத மலைச்சரிவில் வீடுகள் பெருகவில்லை. ஆனால் நகரில் வீட்டு விலை ஏறியது. அங்கு வேலை செய்வோர் பலர் அயலூர்களில் குடியிருக்கின்றனர்.

சமவெளியிலுள்ள லாங்மான்ட்டோ புதுக் குடிகளுக்கு இடமளித்தது. 1970-ல் போல்டரில் 66,870 பேரும் லாங்மான்ட்டில் 23,209 பேரும் வாழ்ந்தனர். 2020-ல் முறையே 1,08,250 பேரும் 98,885 பேரும் இருந்தனர்.

அங்கத்தினர்களே! பொதுச்சொத்தைக் காப்பது நன்றே. அதன் நிழலில் உழைப்பவனுக்கும் இடமுண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நம் சங்கத்துக்கும் இது பொருந்தும்.